ரிஜெக்ட் சார் என்னை நீக்கிய கதை

நீலகிரி மாவட்டத்தில் ரிஜெக்ட் சார் நிராகரிக்காத பொருள் என்று ஒன்று உண்டென்றால் அது மூடுபனி மட்டும்தான். அதன் தரம் பிடித்துப்போய் விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கையில் எடுத்துப் பார்க்க முடியவில்லை என்பதால் தப்பியது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். குன்னூரில் எங்கள் வரிசை வீடுகளில் அது யாருக்கும் தெரியாது. கூரியர் கொண்டு வருகிறவர்கூட "ரிஜெக்ட் சார் ஊடு எதுங்க?" என்றுதான் கேட்பார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தப் பிரிவின் வேலை முறை எளிது. ஒரு குவியல் சரக்கு வரும். அதற்கு லாட் என்று பெயர். அத்தனையையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதால் நடுவிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துச் சோதிப்பார்கள். அது தேறாவிட்டால் மொத்த லாட்டும் திரும்பிப் போகும். வெடிமருந்துக்கு இது நல்ல முறைதான். ஓய்வு பெற்ற பிறகும் மனிதர் அதையே பிடித்துக்கொண்டு தொங்கியதுதான் எங்களுக்கு வினையாயிற்று.

மார்க்கெட்டில் பீன்ஸ் குவியலுக்குள் கையை விட்டு ஒன்றை உருவுவார். காதருகே வைத்து ஒடிப்பார். சத்தம் சரியாகக் கேட்டால் வாங்குவார். கேட்காவிட்டால், "லாட்டே தேறாதுங்க" என்று துக்கம் விசாரிப்பதுபோல் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு நகர்வார். உலகத்துக் கடைக்காரர்கள் எல்லாம் நல்ல காய்களை மேலே அடுக்குவார்கள். குன்னூர் மார்க்கெட்டில் மட்டும் இவர் தலை தெரிந்ததும் நல்ல காய்களை அவசரமாக நடுவில் செருகினார்கள்.

ஒரு கல்யாணப் பந்தியில் அப்பளத்தின் ஓரத்தைக் கிள்ளிப் பார்த்து, நமுத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, எங்கள் வரிசை முழுவதற்கும் அப்பளம் விழாமல் தடுத்தார். அவர் பெண் வீட்டுக்காரரா மாப்பிள்ளை வீட்டுக்காரரா என்று தெரியாமல் பரிமாறியவர்கள் பயந்துபோய்க் கூடையோடு உள்ளே போனார்கள். இரண்டும் இல்லை. என் கூடத் துணைக்கு வந்தவர்.

இந்த மனிதரோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறீர்கள் என்று அவர் மனைவியை ஒருமுறை கேட்டேன். நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் அந்த அம்மாள், எதற்கும் சிரிக்கக் கூடியவர். "பொண்ணு பாக்க வந்தப்பவே ரெண்டாந்தரம் டீ போட்டுக் கொண்டாரச் சொன்னாருங்க. ஒரு சாம்பிள் பத்தாதுன்னுட்டாரு" என்றார்.

இப்பேர்ப்பட்டவரிடம் ஒரு கலைக்களஞ்சியத்தையே கொண்டுபோய் ஒப்படைத்த புண்ணியவான் நான்.

நான் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் ஹெட் கிளார்க். வாரமெல்லாம் மற்றவர்கள் எழுதிய கடிதங்களில் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்துகிறவன். அந்தக் கோபத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பத்தியாக எழுதி உங்கள் மேல் தீர்த்துக்கொள்கிறவன். ஒருமுறை பத்திக்காகச் சோலூரைப் பற்றி ஏதோ தேடப் போய், விக்கியில் விழுந்தேன். இணையத்தில் ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல் எல்லாரும் சேர்ந்து எழுதும் கலைக்களஞ்சியம். சோலூருக்கு அங்கே நாலைந்து வரிதான் இருந்தது. மேலே 'தொகு' என்று ஒரு சொல். அமுக்கினேன். எழுதவும் மாற்றவும் பக்கம் திறந்துகொண்டது. ஆளில்லாத நகைக்கடைக்குள் நிற்பவனைப்போல் சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் வந்து பிடிக்கவில்லை.

விடுவேனா? என் பெயரிலேயே ஒரு கணக்குத் தொடங்கினேன். கலைக்களஞ்சியத்துக்கு என் முதல் கொடை இப்படி ஆரம்பித்தது: 'உலகமே மெச்சும் கேரட் விளையும் சோலூருக்கு நான் மனைவியுடன் சென்றிருந்தபோது எங்களுக்குக் கிடைத்த உபசாரத்தை என்னென்பது!' அப்படியே ஒரு பக்கத்துக்குக் கேரட்டையும் உபசாரத்தையும் கலந்து எழுதி, கீழே 'அன்புடன்' என்று என் பெயரைப் போட்டு, பழக்க தோஷத்தில் 'தொடரும்' என்றும் முடித்தேன்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் தொடரவில்லை. இருந்ததும் இல்லை. பழைய நாலைந்து வரி ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருந்தது.

அதே நேரம் என் பெயரில் ஒரு பக்கம் முளைத்து, அதில், 'வாருங்கள், தங்கள் வருகையால் மகிழ்கிறோம்' என்று ஒரு கடிதம் இருந்தது. எழுத்தாளன் வந்திருக்கிறான் என்று தெரிந்து யாரோ பெரியவர் எழுதியிருக்கிறார் என்று நெகிழ்ந்துபோனேன். உடனே பதில் போட்டேன். 'தங்கள் மடல் கண்டேன். இங்கு நல்ல மழை. அங்கு எப்படி? வீட்டில் அனைவரும் சுகமா?' சில நாள் கழித்து ஒரு பயனர் மிகுந்த நாசூக்குடன் தெரிவித்தார்: அது புதிதாக வரும் எல்லாருக்கும் தானாகவே போய்ச் சேரும் வரவேற்பு. இயந்திரத்திடம் வீட்டில் சுகமா என்று கேட்ட முதல் பயனர் நானாகத்தான் இருக்க வேண்டும்.

இப்படி நான் எழுதுவதும் அவர்கள் நீக்குவதுமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, செய்தித்தாள் வாங்கிப் போக வந்த ரிஜெக்ட் சார் என் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். விக்கி என்றால் என்னவென்று விளக்கினேன்.

"ஏனுங்க, இதுல யாரு வேணா எழுதலாமுங்களா?" என்றார்.

"யாரு வேணாலும் எழுதலாமுங்க சார்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "யாரு வேணா அழிக்கலாமுங்களா?"

ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. உற்சாகமாக 'பரிசோதகர்' என்ற பெயரில் ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்து, எனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் அது முடிந்துவிட்டது.

அவர் வீட்டுக்குப் போய் முதலில் குன்னூர் பற்றிய கட்டுரையைத் திறந்தார். தொழில் முறைப்படி நடுவிலிருந்து ஒரு வாக்கியத்தை உருவினார். 'ஆண்டு முழுவதும் இதமான தட்பவெப்பம் நிலவுகிறது' என்று அதில் இருந்தது. அது ஆடி மாதம். சார் இரண்டு ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் சால்வை போர்த்தி, மடியில் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாம்பிள் தேறவில்லை. லாட் ரிஜெக்ட். குன்னூர்க் கட்டுரையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை அழித்தார்.

பிறகு ஊட்டி. பிறகு கோத்தகிரி. பிறகு மஞ்சூர். எல்லாவற்றிலும் அதே இதமான தட்பவெப்பம். அன்று சாப்பாட்டு வேளைக்குள் நீலகிரியில் மனிதர் குடியிருக்க ஓர் ஊர்கூட மிச்சமில்லை.

ஊர்களை எல்லாம் விக்கியின் நிர்வாகிகள் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். சார் பக்கத்தில் மட்டும் சிவப்பாக ஓர் அறிவிப்பு வைத்தார்கள். 'விஷமத் தொகுப்பில் ஈடுபட்டதால் தாங்கள் தடை செய்யப்பட்டுள்ளீர்கள்.'

சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. "சர்வீஸ் பூராம் ஒரு மெமோ வாங்குனதில்லீங்க. இப்ப என்னைய விஷமின்னு போட்டிருக்கானுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் அவர் குரல் நிஜமாகவே உடைந்திருந்தது. உட்காரவைத்து ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். 'அறியாமை என்னும் இருளில் தவித்த எளியேன்' என்று தொடங்கும் உருக்கமான கடிதம். படித்துப் பார்த்து முழுவதையும் அடித்துவிட்டு அவரே எழுதினார். 'முறை தெரியாமல் செய்தேன். இனிமேல் வரி வரியாகப் பார்ப்பேன்.' நிர்வாகிகள் மகிழ்ந்து தடையை நீக்கினார்கள். எவ்வளவு பயங்கரமான வாக்குறுதியைப் பெற்றுக்கொண்டோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

அந்த மழைக்காலம் முழுக்க விக்கியின் விதிமுறைப் பக்கங்களை அவர் உட்கார்ந்து படித்தார். சொல்லுகிற ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேண்டும். புத்தகத்திலோ பத்திரிகையிலோ வேறு யாராவது எழுதியிருக்க வேண்டும். நானே பார்த்தேன், எனக்குத் தெரியும் என்பதெல்லாம் செல்லாது. புகழ்ச்சி கூடாது. நல்லதையும் விமர்சனத்தையும் நடுநிலையாகச் சொல்ல வேண்டும். இந்த விதிகளைப் படிக்கப் படிக்கத் தன் மனசிலிருந்ததை யாரோ முன்கூட்டியே எழுதி வைத்திருப்பதாக அவருக்குப் பட்டதாம். அக்கா சொன்னார், சாமி கும்பிடுகிறபோதுகூட அவர் அவ்வளவு பயபக்தியாக உட்கார்ந்ததில்லையாம்.

விக்கியில் 'கவனிப்புப் பட்டியல்' என்று ஒன்று உண்டு. நாம் குறித்து வைத்த பக்கங்களில் யார் கை வைத்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். சார் தன் பட்டியலில் நான் தொட்ட பக்கங்களை எல்லாம் சேர்த்தார். 'மலைமகளின் மடியில் தூங்கும் மஞ்சூர்' என்று எழுதினேன். மடியும் தூக்கமும் போய், மஞ்சூர் மட்டும் மிஞ்சியது. சேரங்கோட்டுக்குப் 'பச்சைப் பட்டாடை' உடுத்தினேன். திரும்பி வருவதற்குள் உரிந்துவிட்டார். எதையாவது மாற்றினால் ஏன் மாற்றினோம் என்று காரணம் எழுத ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் 'பட்டாடைக்கு ஆதாரம் இல்லை' என்று இருந்தது.

ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னாலும் தகராறு தீர்த்துக்கொள்ளப் பேச்சுப் பக்கம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அங்கே நாங்கள் போட்ட சண்டையைப் பார்த்தவர்கள், இருவரும் வெவ்வேறு கண்டத்தில் இருக்கும் ஜென்ம விரோதிகள் என்றே நினைத்திருப்பார்கள். 'மதிப்பிற்குரிய பயனர் பரிசோதகர் அவர்கள் இலக்கியச் சுவை அறியாதவர் என அஞ்சுகிறேன்' என்று நான் எழுதுவேன். 'மதிப்பிற்குரிய பயனர் தம் அச்சத்துக்கும் சான்று தர வேண்டும்' என்று பதில் வரும். எழுதிவிட்டு அவர் வெளியே வந்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவருக்கு மேலாக எனக்குக் கீரைக் கட்டு நீட்டுவார். கையோடு கையாக, ஏன் சார் அந்தப் பட்டாடையை எடுத்தீர்கள் என்று கேட்டால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

"அதைய பேச்சுப் பக்கத்துல கேளுங்க. இங்க கேக்கப்படாது. கீரை வேணுமுங்களா, வேண்டாமுங்களா?"

கீரையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து பேச்சுப் பக்கத்தில் கேட்பேன்.

இந்த நிலையில்தான் ஊட்டியில் இருந்து ஒரு போன் வந்தது. அங்கே மாதந்தோறும் கூடும் ஒரு வாசகர் வட்டம் எனக்குப் பொன்னாடை போர்த்த முடிவு செய்திருக்கிறதாம். இத்தனை வருஷம் எழுதியும் எனக்கு விழுந்த துணி என்று பார்த்தால், பத்திரிகை ஆபீஸ் ஆண்டு விழாவில் கொடுத்த கைக்குட்டைதான். வட்டத்தின் செயலாளர் சுறுசுறுப்பான மனிதர். "உங்களப் பத்தி விக்கியில இருக்குமுங்கள்ல? மேடையில அதையப் பாத்தே அறிமுகம் பண்ணிப்போடறனுங்க" என்றார்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், நான் அதையெல்லாம் பார்ப்பதில்லை என்று அடக்கமாகச் சொல்லிவைத்தேன். போனை வைத்தவுடன் ஓடிப்போய்ப் பார்த்தேன். இல்லை. என் பெயரில் ஒரு நீர்வீழ்ச்சிகூட இல்லை. இனி நடந்ததைக் கேட்டு நீங்கள் என்னை மதிக்க வேண்டாம், சிரித்துவிட்டுப் போனால் போதும். 'நீலகிரி ரசிகன்' என்ற பெயரில் புதுக்கணக்கு ஒன்று தொடங்கி, என்னைப் பற்றிய கட்டுரையை நானே எழுதினேன்.

'தமிழகத்தின் தலைசிறந்த நகைச்சுவை எழுத்தாளர்களுள் ஒருவர்' என்று தொடங்கியது. 'ஒருவர்' என்பதை எடுத்துவிடலாமா என்று யோசித்து, அடக்கம் கருதி விட்டுவைத்தேன். இவர் எழுத்தைப் படித்து நோய் தீர்ந்தவர்கள் பலர் என்றும் சேர்த்தேன். விழா நாள்வரை அது தாக்குப்பிடித்தால் போதும் என்பதுதான் என் கவலை. அதற்குப் பிறகு அழிந்தால் அழியட்டும். பொன்னாடையைத் திருப்பிக் கேட்கவா போகிறார்கள்?

மறுநாள் கட்டுரையின் தலையில் ஒரு பெட்டி ஏறியிருந்தது. 'இக்கட்டுரை நீக்கலுக்குப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. பரிந்துரைத்தவர்: பரிசோதகர். காரணம்: குறிப்பிடத்தக்கவர் என்பதற்குச் சான்று இல்லை.' சுவருக்கு அந்தப் பக்கம் அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் வயிற்றெரிச்சலில் அவருடைய அத்தனை துணியும் அந்தப் பனியிலேயே காய்ந்திருக்கும்.

நீக்கலாமா வேண்டாமா என்று விவாதம் தொடங்கியது. சார் ஆதாரம் கேட்டார். நீலகிரி ரசிகனாக நின்று, என் பத்திகளையே ஆதாரமாகக் காட்டினேன். தன்னைப் பற்றித் தானே எழுதியது செல்லாது என்றார். வாசகர் கடிதங்கள் உண்டு என்றேன். அவற்றிலும் பாதிப் பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், நடுநிலைமைக்காக அதையும் சேர்க்கலாமா என்று கேட்டார். விழாவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நீலகிரி ரசிகனுக்கு வெறி ஏறியது. 'இந்த எழுத்தாளரை நான் நேரில் அறிவேன். புகழுக்கு ஆசைப்படாத எளிய மனிதர். இந்தக் கட்டுரை இருப்பது தெரிந்தால் அவரே கூச்சப்படுவார்' என்று உணர்ச்சிகரமாக எழுதி அனுப்பினேன்.

பேச்சுப் பக்கத்தில் கையெழுத்தை நாம் எழுத வேண்டியதில்லை. ஒரு குறியைத் தட்டினால், எந்தக் கணக்கில் உள்ளே இருக்கிறோமோ அந்தப் பெயர் தானாக விழும். சற்று முன்தான் என் சொந்தக் கணக்கில் நுழைந்து வேறொரு பக்கத்தில் நீர்வீழ்ச்சி ஒன்றை வர்ணித்துவிட்டு வந்திருந்தேன். கணக்கை மாற்ற மறந்துவிட்டேன். ஆகவே 'இந்த எழுத்தாளரை நான் நேரில் அறிவேன்' என்ற அந்த வாக்குமூலத்தின் கீழே, எல்லாரும் படிக்கும்படி, அந்த எழுத்தாளரின் பெயரே இருந்தது.

அதற்கு அப்புறம் விவாதம் என்ன வேண்டியிருக்கிறது? கருத்துச் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் 'நீக்கலாம்' என்றார்கள். ரிஜெக்ட் சார் ஒன்றும் எழுதவில்லை. அன்று சாயங்காலம் கீரைக் கட்டோடு வந்தவர், வழக்கத்துக்கு மாறாகச் சுவரருகே கொஞ்சம் நின்றார்.

"அந்த ரசிகருன்னு ஒருத்தரு வந்திருக்காரு பாருங்க. உங்களுக்கு நல்லது பண்றேன்னு போட்டு உங்க பேரைக் கெடுக்கறாருங்க. பாத்தா சொல்லி வைங்க."

சொல்லி வைக்கிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததற்கு அன்றைக்கு அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தியிருக்கலாம்.

விழாவுக்கு முந்தின நாள் நான் நீக்கப்பட்டேன்.

செயலாளருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வெட்கமாக இருந்தது. எப்படியும் அவர் மேடைக்கு முன்பே பார்த்துத் தெரிந்துகொள்வார், வேறு ஏதாவது பேசிச் சமாளிப்பார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு ஊட்டிக்குப் பஸ் ஏறினேன். அதே பஸ்ஸில் ரிஜெக்ட் சாரும் அக்காவும் வந்தார்கள். சார் மங்கி குல்லா போட்டிருந்தார். விழாவுக்கு நான் அழைக்கவில்லை. அக்கா போஸ்டரில் பார்த்தாராம்.

மழை நாள். கூட்டம் சுமார்தான். செயலாளர் மேடை ஏறினார். ஒலிபெருக்கியைத் தட்டினார். மழையோடு போட்டி போட்டு, நம் விருந்தினரைப் பற்றி நான் சொல்வதைவிட உலகக் கலைக்களஞ்சியம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள் என்று முழங்கி, செல்போனை எடுத்து, தேடி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, திரையில் வந்ததை அப்படியே கணீரென்று வாசித்தார்.

"இந்தப் பக்கம் நீக்கப்பட்டுள்ளது. காரணம்: குறிப்பிடத்தக்கவர் அல்லர்."

படித்து முடித்த பிறகுதான் படித்தது அவருக்குப் புரிந்தது. பக்கத்தில் பொன்னாடையைக் கையில் விரித்தபடி நின்ற வட்டத்து ஆள் அதை மெல்ல மடிக்க ஆரம்பித்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதன் தன் செருப்பை அவ்வளவு நேரம் பார்க்கக் கூடாது. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

மூன்றாம் வரிசையில் நாற்காலி நகர்ந்தது. ரிஜெக்ட் சார் எழுந்து, யாரையும் கேட்காமல் மேடைக்கு வந்து, மங்கி குல்லாவைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"அந்தப் பக்கத்தை நீக்கச் சொன்னது நானுங்க" என்று ஆரம்பித்தார். செத்தேன் என்று நினைத்தேன்.

"அங்க, நானே கண்ணுல பாத்தேன்னு சொன்னாச் செல்லாதுங்க. அது அந்த எடத்துக்குச் சட்டம். சட்டம் சரிதானுங்க. ஆனா இது அந்த எடமில்லீங்க. இங்க நான் பாத்ததச் சொல்லலாம்."

கூட்டம் நிமிர்ந்தது.

"என்ற ஊட்டுக்காரிக்குக் கோயமுத்தூருல வயித்துல ஆபரேசன் ஆச்சுங்க. பொழைப்பாளோ மாட்டாளோன்னு இருந்தோம். கண்ணத் தொறந்தவ, கஞ்சி வேணும்னு கேக்கல, அவரு எழுதுனது வந்துச்சான்னு கேட்டா. நான் கடையில வாங்கியாந்து கட்டிலு பக்கத்துல நின்னு படிச்சனுங்க. சிரிச்சா. தையல் பிரிஞ்சுபோகும், அம்மாவச் சிரிக்க வெக்காதீங்கன்னு நர்ஸு என்னையத் திட்டுனாங்க. அடுத்த வாரமும் படிச்சேன். இவரு எழுதறதுல பாதி பொய்யுங்க. அது எனக்குத் தெரியும், பக்கத்து ஊடு. அத்தனை பொய்யிலயும் ஒண்ணக்கூட நான் எடுக்கலீங்க. ஒரு வரி உடாமப் படிச்சேன்."

அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஆபரேஷன் நடந்தது எனக்குத் தெரியும். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்த்திருக்கிறேன். இது தெரியாது. யாரும் சொல்லவில்லை. நோய் தீர்ந்தவர்கள் பலர் என்று நான் அளந்துவிட்டிருந்தேன் அல்லவா, அந்த வரியையும் சேர்த்துத்தான் அவர் நீக்கச் சொல்லியிருந்தார்.

கைதட்டல் எழுந்தது. சார் கையைக் காட்டி அடக்கினார். இன்னும் முடியவில்லை, நடுநிலைமைக்காக விமர்சனமும் சொல்ல வேண்டும் என்றார். சொன்னார். நான் எதையும் ஊதிப் பெருக்குகிறவன், வாங்கிய குடையைத் திருப்பித் தராதவன், மலையைப் பார்த்தால் மடி என்றும் மகள் என்றும் உளறுகிறவன், என் பத்தியில் வரும் நல்ல வரிகளில் பல என் மனைவி சொன்னவை என்று ஒவ்வொன்றாக, ஓர் உணர்ச்சியும் இல்லாமல், சரக்குப் பட்டியல் வாசிப்பதுபோல் வாசித்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. என் எந்தப் பத்திக்கும் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. செயலாளர் தைரியம் வந்து, மடித்த பொன்னாடையை வாங்கி மீண்டும் விரித்தார். அது என் தோளில் விழுவதற்குள் சார் அதன் ஓரத்தை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தார். நல்லவேளை, அங்கே ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது பஸ்ஸில், சாயம் போகும், தனியாக அலசுங்கள் என்றார். போயிற்று.

அவர்கள் இப்போது குன்னூரில் இல்லை. குளிர் அக்காவின் முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கோயமுத்தூரில் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். வீடு காலி செய்த அன்று சாமான் கட்டிய கயிற்றில் ஒரு முடிச்சை மட்டும் சார் இழுத்துப் பார்த்தார். லூசாக இருந்தது. மொத்த வண்டியையும் இறக்கி மறுபடி ஏற்றினார்கள். எங்கள் வரிசை முழுக்க நின்று வேடிக்கை பார்த்தோம். அவர் கிளம்பத் தாமதமாவதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை.

விக்கியில் மட்டும் அவர் எங்கும் போகவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் நான் எழுதியதில் ஏதாவது காணாமல் போயிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். போயிருந்தால் கோயமுத்தூரில் எல்லாரும் சௌக்கியம் என்று அர்த்தம். போன மார்கழியில் சில நாள் ஒன்றுமே போகவில்லை. எழுதியது எழுதியபடி நின்றது. எனக்கு அது பிடிக்கவில்லை. போன் பண்ணி உடம்புக்கு எப்படி என்று கேட்கலாம்தான். ஏன், என்ன தகவல் வந்தது, யார் சொன்னார்கள் என்று அதற்கும் ஆதாரம் கேட்பார். ஆகவே கோத்தகிரிக் கட்டுரையைத் திறந்து, வேண்டுமென்றே, 'விண்ணை முத்தமிடும் சிகரங்கள்' என்று நடுவில் ஒரு வரி சேர்த்துவிட்டுக் காத்திருந்தேன். மறுநாள் காலையும் முத்தம் அப்படியே இருந்தது. ஆபீசில் ஒரு வேலையும் ஓடவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலை பார்த்தேன். வரி இல்லை. காரணம் எழுதும் பெட்டியில் இப்படி இருந்தது: 'முத்தத்துக்குச் சான்று இல்லை. வெளியூரில் படிக்கும் பேரன் வந்திருந்தான், அதனால் தாமதம்.'

அடுப்படிக்குப் போய் என் மனைவியிடம், சார் நன்றாக இருக்கிறார் என்று சொன்னேன்.